கலோ எண்ணெய்: வீட்டில் வைக்கலாமா, கூடாதா?

மோல்மீன்காரன்

வேறொரு இழையில் தட்டோன் செல்வி அக்கா, "கலோ எண்ணெயைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்" என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை.

தெரியாதவர்களுக்காக: கலோ நம் பர்மாக் காட்டு மரம். மேல் சிந்த்வின் ஆற்றுப் பக்கத்து ஈரக்காடுகளில் எப்போதும் பச்சையாக நெடுநெடுவென்று நிற்கும். காய் ஆரஞ்சுப் பழ அளவில் உருண்டையாக இருக்கும், தோலில் பழுப்பு நிறச் சுணை. உடைத்தால் சதைக்குள் கோணல்மாணலாக விதைகள். அந்த விதைப் பருப்பை ஆட்டி எடுப்பதுதான் கலோ எண்ணெய், வெளியுலகத்துக்குச் சால்மூக்ரா. 1854-ல் கல்கத்தாவில் மௌவாட் என்ற டாக்டர் இதைப் பற்றி எழுதினார். அதிலிருந்து 1940-கள் வரை தொழுநோய்க்குச் சொல்லிக்கொள்ளும்படி இருந்த மருந்து இது ஒன்றுதான்.

டாக்டர்கள் வருவதற்கு முன்பே பர்மியர்களுக்கு இது தெரியும். பனாரஸ் ராஜா ஒருவருக்குக் குஷ்டம் வந்து, காட்டுக்குப் போய், கலோ பழம் தின்று குணமான கதையைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். நம் சித்த வைத்தியத்து நீரடிமுத்துவும் இதன் பங்காளி மரம்தான், மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. மலையாளிகள் அதை மரோட்டி என்று சொல்லி, எண்ணெயை விளக்குக்கும் ஊற்றுவார்கள்.

என் ஆச்சி சொறி, சிரங்கு, படை எல்லாவற்றுக்கும் இதைத்தான் தடவினார். குளிர்மாதத்தில் சீசாவுக்குள் உறைந்துவிடும். வெயிலில் வைத்து இளக்கி, விரலில் தொட்டுத் தேய்ப்பார். அந்தக் காறல் நாற்றம் கைலியை விட்டு லேசில் போகாது. ஆனால் அரிப்பு நிற்கும். இத்தனை பேர் இத்தனை காலம் நம்பிய பொருளை ஒரே வரியில் குப்பை என்றால் எப்படி?

செல்வி_தட்டோன்

தம்பி, கோபப்படாமல் படியுங்கள். அது மருந்தாக இருந்ததை நான் மறுக்கவில்லை. எப்படிப்பட்ட மருந்து என்பதைத்தான் நீங்கள் எழுதவில்லை.

குடித்தால் குமட்டும், வாந்தி வரும். அதற்குப் பயந்தே பலர் நிறுத்திவிட்டார்கள். அப்படியே ஊசியில் ஏற்றினால், எண்ணெய் தடிமன் என்பதால் உடம்பில் கலக்காமல் தோலுக்கடியில் கட்டிகட்டியாக நின்று சீழ் பிடிக்கும். மேலே தடவினால் தோலோடு சரி. தொழுநோய்க் கிருமி உட்கார்ந்திருப்பது நரம்பில். 1941-ல் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரியில் புரோமின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்து, அது வேலை செய்ததும் சால்மூக்ராவை மெல்ல மெல்லக் கைவிட்டார்கள். அதற்காக அழுத நோயாளி யாரும் இருந்திருக்க மாட்டார்.

இன்றைக்கு ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் மூன்றையும் சேர்த்துத் தருகிறோம். நோயின் அளவைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். காசு கிடையாது. அப்படியிருக்க எண்ணெய் எதற்கு?

நான் அந்த வரியை எழுதக் காரணம் ஒரு பையன். முழங்கைக்கு மேலே வெளிறிய தேமல் மாதிரி ஒரு திட்டு. வீட்டில் கலோ எண்ணெய் தடவிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அரிப்பு இல்லை, வலி இல்லை, எண்ணெய் வேலை செய்கிறது என்று நம்பிக்கை. கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் திட்டைத் தொட்டேன். தெரியவில்லை. பக்கத்துத் தோலில் தொட்டேன், "இங்கே" என்றான். மறுபடி திட்டில் தொட்டேன், சும்மா இருந்தான். அதற்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்க ஆரம்பித்திருந்தன. மாத்திரை கிருமியைக் கொன்றுவிட்டது. விரல் நிமிரவில்லை.

மோல்மீன்காரன்

அந்தப் பையனை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா, நான் பேசுவது சிரங்குக்கு, நீங்கள் பேசுவது தொழுநோய்க்கு. தொழுநோய்க்கு இதைத் தடவு என்று யார் சொன்னது?

இன்னொன்று. வெள்ளைக்காரன் நம் காட்டுக்கு வந்து விதையை மூட்டை கட்டிக்கொண்டு போனான், அவன் லேபிளை ஒட்டி உலகத்துக்கு விற்றான். தனக்கு வேறு மருந்து கிடைத்ததும், இது நாட்டு வைத்தியம், குப்பை என்றான். நாமும் அதையே திருப்பிச் சொல்கிறோம்.

பெகு_வாசு

அண்ணே, அந்தக் கதையில் நீங்கள் சொன்னது பாதிதான். மீதியையும் போட்டால் யார் பக்கம் சாயும் என்று பாருங்கள்.

மூட்டை கட்டியது உண்மை. 1920-ல் அமெரிக்க விவசாயத்துறை ஜோசப் ராக் என்ற தாவர ஆராய்ச்சியாளரை அனுப்பியது. சயாமில் (இன்றைய தாய்லாந்து) தேடி, உங்கள் மோல்மீன் வழியாக வந்து, கடைசியில் மேல் சிந்த்வினில்தான் நிஜமான கலோ மரத்தைப் பிடித்தார். விதைகள் ஹவாய்க்குப் போய்த் தோட்டமாயின.

ஹவாய்க்கு ஏன்? அங்கே ஆலிஸ் பால் என்று ஒரு கறுப்பினப் பெண் இருந்தார், வேதியியல்காரர். ஹவாய்க் கல்லூரியில் முதுகலைப் பட்டம் வாங்கிய முதல் பெண். செல்வி அக்கா சொன்ன அந்தக் கட்டிப் பிரச்சினையைத் தீர்த்தவர் அவர். எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களைப் பிரித்து எத்தில் எஸ்டராக மாற்றினார், அது உடம்பில் ஏறியது. 1916 கடைசியில், 24 வயதில் இறந்துவிட்டார். அதே கல்லூரியின் ஆர்தர் டீன் அந்த வேலையைத் தொடர்ந்து தன் பேரில் வெளியிட்டுக்கொண்டார். ஆலிஸ் பாலுக்கு முதலில் இந்தப் பிரச்சினையைக் கொடுத்த டாக்டர் ஹோல்மன் 1922-ல் இது பாலின் முறை என்று எழுதிவைத்ததால்தான் அந்தப் பேர் தப்பியது. கல்லூரி அவருக்குப் பெயர்ப் பலகை வைத்தது 2000-ல், வளாகத்தில் நிற்கும் சால்மூக்ரா மரத்தடியில்.

திருட்டு நடந்ததுதான். ஆனால் பறிகொடுத்தது நாம் மட்டும் இல்லை. அப்புறம், ஹவாயின் கலிஹி ஆஸ்பத்திரியில் 78 பேரை வீட்டுக்கு அனுப்ப உதவியது சீசாவில் இருந்த எண்ணெய் இல்லை, அந்தப் பெண் மாற்றியமைத்த பொருள். அப்படியும் சால்மூக்ராவில் குணமானதாக அனுப்பிய பலருக்கு நோய் திரும்பியது. ஆச்சியின் சீசாவுக்கு இதிலிருந்து சாட்சி எடுக்க முடியாது.

சூலியா_கடை

நானும் சொல்லலாமா? மூன்று தலைமுறையாக ரங்கூன் தெயின்ஜி ஸே சந்தையில் மருந்துச் சரக்குக் கடை. சூரத்தி பஜார் என்று எங்கள் வாப்பா காலத்து ஆட்கள் சொல்வார்கள்.

சரக்கே சரியாக வருவதில்லை தம்பி. கலோ விதை என்று சாக்கில் வருவதில் வேறு மரத்து விதையும் கிடக்கும். அந்த வேறு மரத்தில் காய் கிளையில் தொங்காது, அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும். மரத்தைப் பார்த்தால் குழந்தைகூடப் பிரித்துவிடும். விதையாகக் கொட்டிவிட்டால் கைப்பழக்கம் உள்ளவன்தான் பிரிக்க முடியும். ஆட்டி எண்ணெயாக வந்துவிட்டால் எனக்கே தெரியாது.

சிலர் கன்யின் எண்ணெயையும் இதையும் குழப்பிக்கொண்டு வந்து நிற்பார்கள். அது படகுக்காரர் சமாச்சாரம், மரத்தில் குழி வெட்டித் தீ காட்டி இறக்குவது. பலகைக்குப் பூசவும் தீவட்டிக்கும் ஆகும்.

கேட்டால் நான் கலோ கொடுப்பேன், மறைக்கவில்லை. கொடுக்கும்போது உள்ளுக்குச் சாப்பிடாதே என்று சொல்லித்தான் கொடுப்பேன். இதன் பங்காளி மரத்துக் காயை அரைத்துத் தண்ணீரில் கலந்து மீனை மயக்கிப் பிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

பெகு_வாசு

பாய் சொல்லும் அடிமரத்துக் காய் கைனோகார்டியா என்ற மரத்துடையதாக இருக்க வேண்டும். இந்தக் குழப்பம் உங்கள் கடையில் தொடங்கியதில்லை. அந்தக் காலத்துத் தாவர ஆராய்ச்சியாளர் ராக்ஸ்பர்க் தொடங்கித் தாவரவியல்காரர்களே அதைத்தான் சால்மூக்ரா மரம் என்று நம்பினார்கள். 1900 வாக்கில் டேவிட் பிரெய்ன்தான் கடைவிதை வேறு மரத்துடையது என்று பிரித்துச் சொன்னார். 1904-ல் லண்டனில் பவர் என்ற வேதியியல்காரரின் குழுவினர் சால்மூக்ரா எண்ணெயிலிருந்து சால்மூக்ரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். கைனோகார்டியா எண்ணெயில் அது இல்லை. போதாததற்கு அந்த விதையில் சயனைடு கக்கும் பொருள் இருக்கிறது.

மோல்மீன்காரன்

சரி, கலப்படம் என்றால் கலப்படத்தைத் திட்டுவோம். நெய்யில்கூடத்தான் கலக்கிறான், நெய்யை விட்டுவிட்டோமா? நல்ல விதை பார்த்து வாங்கி, வீட்டில் ஆட்டி, சிரங்குக்கு மட்டும் தடவினால் என்ன கெட்டுவிடும்? அதை யாரும் சொல்லவில்லை.

செல்வி_தட்டோன்

நான் சொல்கிறேன். சிரங்கு என்று முடிவு செய்வது யார்? நீங்களா, ஆச்சியா? அரித்தால், வீட்டில் நாலு பேருக்கும் அரித்தால், விரல் இடுக்கில் இருந்தால் சிரங்கு என்று நானே ஒப்புக்கொள்வேன். அதற்கு ஒரு களிம்பு வாங்கி வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூசினால் முடிந்தது. ஆனால் அரிக்காத திட்டுக்கும் அதே சீசாவைத்தான் எடுக்கிறீர்கள், அங்கேதான் சண்டை. தொழுநோய் தலைகாட்டவே வருஷக்கணக்கில் ஆகும். காட்டிய பிறகும் நாம் எண்ணெயோடு காத்திருந்தால் நரம்பு போகும்.

2003-ல் நம் நாட்டில் தொழுநோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே வந்துவிட்டது. அது நல்லதுதான், ஆனால் அதனாலேயே இப்போது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. நோய் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு திட்டைத் தேமல் என்கிறார்கள்.

மோல்மீன்காரன்

அப்படியானால் அரிக்கிற இடத்துக்குத் தடவலாம் என்கிறீர்கள்.

செல்வி_தட்டோன்

எங்கே அப்படிச் சொன்னேன்?

சூலியா_கடை

அக்கா, ஒரு சந்தேகம். அந்தப் பேனா முனைப் பரிசோதனையை எங்கள் மாதிரி கடைக்காரர்கள் செய்யலாமா? எண்ணெய் கேட்டு வருகிறவர் கையைத்தான் முதலில் நீட்டிக் காட்டுவார்.

செல்வி_தட்டோன்

பாய், தாராளமாகச் செய்யலாம். பேனாவைவிடப் பஞ்சை நுனி திரித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நல்ல தோலில் தொட்டு எப்படி இருக்கும் என்று காட்டிவிட்டுக் கண்ணை மூடச் சொல்லுங்கள். தேய்க்கக் கூடாது, லேசாகத் தொட்டு எடுக்க வேண்டும். எங்கே என்று வாயால் சொல்லச் சொல்லாதீர்கள், விரலால் காட்டச் சொல்லுங்கள். தவறாகக் காட்டினாலோ காட்டாமலே இருந்தாலோ எண்ணெய் விற்காமல் கிளினிக்குக்கு அனுப்புங்கள். சரியாகக் காட்டிவிட்டாலும் திட்டு ஆறாமல் இருந்தால் அனுப்பத்தான் வேண்டும்.

மோல்மீன்காரன்

என் அக்கா மகனுக்கும் தோளில் ஒரு திட்டு இருக்கிறது. அரிக்கிறது என்றுதான் சொல்கிறான். பஞ்சு வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன். எண்ணெய் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.