மூன்று கோப்புகளை ஜாயின் செய்தால் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 9 கோடியைத் தாண்டுகிறது. எங்கே சிக்கல்?

பொருநைத்தரவு:
வணக்கம் நண்பர்களே. மாவட்டவாரியாக ஒரு லட்சம் பேருக்கு எத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்று கணக்கிடும் பைப்லைன் ஒன்றை பாண்டாஸில் (பைத்தானின் தரவு நூலகம்) எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று கோப்புகள்:

அ. சுகாதார நிலையங்களின் எண்ணிக்கை. இன்றைய 38 மாவட்டங்களுக்கும் தலா ஒரு வரிசை.
ஆ. 2011 சென்சஸ் மக்கள்தொகை. அன்றிருந்த 32 மாவட்டங்கள்.
இ. இணைப்பு அட்டவணை. இன்றைய மாவட்டம் 2011இல் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பது, 38 வரிசை.

அ-வை இ-யோடு லெஃப்ட் ஜாயின் (பொது நெடுவரிசையை வைத்து இணைத்து, இடப்பக்க வரிசைகள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது), வந்ததை ஆ-வோடு லெஃப்ட் ஜாயின். 38 வரிசை சரியாக வருகிறது, காலி மதிப்பு ஒன்றும் இல்லை. இணைப்பைச் சோதிக்கும் வேலிடேட்டில் மெனி டு ஒன் கொடுத்தும் எரர் இல்லை. ஆனால் மக்கள்தொகையைக் கூட்டினால் 9,21,70,500. சென்சஸ் கணக்கோ 7,21,47,030. இன்னர் ஜாயின் (இரு பக்கமும் பொருந்தும் வரிசைகள் மட்டும்) போட்டாலும் இதேதான்.

கோடுவாசி:
மக்கள்தொகை நெடுவரிசையை வைத்து ட்ராப் டூப்ளிகேட்ஸ் (நகல் வரிசைகளை நீக்குறது) போட்டுப் பாருங்க ப்ரோ. டோட்டல் சரியா வந்துடும்.

அட்டவணைக்காரி:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டோட்டல் சரியாக வரும், அதுதான் ஆபத்தே. ஆறு மாவட்டங்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும். விழுப்புரம் மிஞ்சினால் அதில் இன்றைய விழுப்புரத்தின் நிலையங்கள் மட்டும் இருக்கும், எதிரே கள்ளக்குறிச்சியையும் சேர்த்த பழைய மக்கள்தொகை நிற்கும்.

உங்களுக்குக் கூடுதலாக வந்திருப்பது 2,00,23,470. 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. அதனால் 39,36,331 மூன்று வரிசைகளில் உட்கார்ந்திருக்கிறது, அதாவது இரண்டு முறை அதிகம். திருநெல்வேலி (30,77,233), விழுப்புரம் (34,58,873), காஞ்சிபுரம் (39,98,252), 2020இல் மயிலாடுதுறை பிரிந்த நாகப்பட்டினம் (16,16,450) ஆகியவை ஒவ்வொரு முறை அதிகம். கூட்டிப் பாருங்கள், கடைசி இலக்கம் வரை பொருந்தும்.

மெனி டு ஒன் சோதனை, வலப்பக்கக் கோப்பில் ஒரு சாவி (இணைக்கப் பயன்படும் மதிப்பு, இங்கே 2011 மாவட்டம்) ஒருமுறைதான் வருகிறதா என்று மட்டுமே பார்க்கும். இடப்பக்கத்தில் அதே சாவி எத்தனை முறை வந்தாலும் கேட்காது. மாநிலப் பெயர் போன்ற விவரம் நகலானால் பாதகமில்லை. மக்கள்தொகை கூட்டக்கூடிய எண், நகலாகக் கூடாது. எனவே ஜாயினுக்கு முன்பே இரு பக்கத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்: அ-வை இ-யோடு சேர்த்து, 2011 மாவட்டப்படி தொகுத்து (groupby) நிலையங்களைக் கூட்டுங்கள். 32 வரிசை வரும். பிறகு ஆ-வோடு ஜாயின், வேலிடேட் ஒன் டு ஒன் (இரு பக்கமும் ஒரு சாவி ஒருமுறைதான் வர வேண்டும்). முன்பே ஒன் டு ஒன் கொடுத்திருந்தால் அந்த இடத்திலேயே எரர் வந்து நின்றிருக்கும்.

பொருநைத்தரவு:
அருமையான விளக்கம், மிக்க நன்றி. ஆனால் எனக்குத் தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் தனித்தனி விகிதம் வேண்டுமே. அதற்கு வழி உண்டா?

மேல்நிலைக்கோடு:
உண்டு, கொஞ்சம் உழைக்க வேண்டும். 2011 சென்சஸின் கிராம, நகர அளவிலான கோப்பை எடுத்து, ஒவ்வொரு கிராமத்தையும் இன்றைய மாவட்டத்தில் வைத்துக் கூட்டுங்கள். தாலுகாவோடு நின்றுவிடாதீர்கள், தாலுகாக்களும் பிறகு பிரிந்திருக்கின்றன. அந்தக் கோப்பில் மாநிலம், மாவட்டம், தாலுகா, கிராமம் எல்லா மட்டத்து மொத்தங்களும் கலந்திருக்கும். மட்டத்தைக் காட்டும் நெடுவரிசையை வைத்து முதலில் வடிகட்டாவிட்டால் மறுபடியும் இதே பெருக்கம்தான்.

குறியீடுகளை எழுத்துச்சரமாகவே படியுங்கள். தாலுகாக் குறியீடுகள் பூஜ்யத்தில் தொடங்குபவை, எண்ணாகப் படித்தால் அது உதிர்ந்துவிடும். எல்ஜிடி (மத்திய அரசின் உள்ளாட்சி அடைவு) மாவட்ட எண்ணைச் சென்சஸ் மாவட்ட எண்ணோடு ஜாயின் செய்யவே வேண்டாம். இரண்டுமே மூன்றிலக்கம், ஆனால் வேறு வேறு எண் முறை. சென்சஸில் சென்னை 603.

சென்னை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் இதைக் கவனிப்பதில்லை. 2018இல் சென்னை மாவட்டம் விரிவடைந்தது. திருவள்ளூரிலிருந்து அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூரும், காஞ்சிபுரத்திலிருந்து ஆலந்தூர், சோழிங்கநல்லூரும் வந்து சேர்ந்தன. பெயர் அதேதான், அதனால் ஜாயின் பொருந்தும், எந்தச் சோதனையும் எச்சரிக்காது. ஆனால் 46,46,732 என்பது பழைய எல்லைக்குள் இருந்தவர்கள். 32 வரிசை முறையில் போவதாக இருந்தால் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மூன்றையும் ஒரே தொகுதியாக்குங்கள். அப்போது வரிசை 30.

பொருநைத்தரவு:
இப்போதைக்கு 30 வரிசை முறையில் ஓட்டினேன். கூட்டுத்தொகை 7,21,47,030, ஒன் டு ஒன் சோதனையும் தேறியது. ஒவ்வொரு ஜாயினுக்குப் பிறகும் இந்த மொத்தத்தைச் சரிபார்க்கும் ஒரு அசெர்ட் வரியும் (பொருந்தாவிட்டால் நிரலை நிறுத்தும்) சேர்த்துவிட்டேன். கிராம அளவு வேலையை அடுத்துத் தொடங்குகிறேன். சிக்கினால் இங்கேயே கேட்கிறேன்.