ரவுண்டானாவில் எந்தத் தடம், எப்போது இண்டிகேட்டர்?

கேள்வி:
இடப்புறமாக வண்டி ஓட்டும் சாலைகளில், நான்கு சாலைகள் கூடும் இருதட ரவுண்டானாவில் நேராகச் செல்ல வேண்டியவர் எந்தத் தடத்தில் நுழைய வேண்டும்? நுழையும்போதே வலப்புற இண்டிகேட்டரைப் போட வேண்டும் என்று சிலரும், எதுவும் போடக்கூடாது என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். காரணத்துடன் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பான ஹைவே கோடு (Highway Code), 186ஆம் விதியில் இதற்கு வழி சொல்கிறது. முதல் சாலையிலேயே வெளியேறுபவர் இடப்புற இண்டிகேட்டருடன் இடத் தடத்தில் வர வேண்டும். வலப்பக்கம் திரும்புபவரும் முழு வட்டம் சுற்றி வந்த வழியே திரும்புபவரும் வலப்புற இண்டிகேட்டருடன் வலத் தடத்தில் வர வேண்டும். நேராகச் செல்பவர் நுழையும்போது எதையும் போட வேண்டியதில்லை. சாலையில் வரைந்த அம்புக்குறி வேறு விதமாகச் சொல்லாதவரை, பெரும்பாலும் இடத் தடமே அவருக்குப் பொருந்தும். ஆனால் யாராக இருந்தாலும், தாம் வெளியேற வேண்டிய சாலைக்கு முந்தைய சாலையைக் கடந்ததும் இடப்புற இண்டிகேட்டரைப் போட்டாக வேண்டும். அடுத்த வாயிலில் காத்திருப்பவர், நீங்கள் தம்மைக் கடந்து செல்வீர்களா, அதற்கு முன்பே வெளியேறிவிடுவீர்களா என்பதை அதை வைத்துத்தான் கணிக்கிறார்.

மறுமொழி 2:
மேலே சொன்னது முற்றிலும் சரி. நேராகச் செல்பவர் வலப்புற இண்டிகேட்டரைப் போட்டால், அவர் மேலும் சுற்றப் போகிறார் என்றே மற்றவர்கள் எண்ணுவார்கள். பிறகு அவர் திடீரென்று வெளியேறும்போது பின்னால் வருபவர் தடுமாறுவார். இன்னொன்றையும் கவனியுங்கள். இடப்புற இண்டிகேட்டரைப் போட்ட பிறகும் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மேலும் திருப்பினால், அது தானாகவே அணைந்துவிடக்கூடும். சிறிய ரவுண்டானாக்களில் இது அடிக்கடி நேர்கிறது என்பதால், டிக் டிக் சத்தம் தொடர்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மறுமொழி 3:
இண்டிகேட்டர் போட்டுவிட்டதாலேயே தடம் மாறும் உரிமை வந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள் தடத்திலிருந்து வெளியேறுபவர், இடப்பக்கக் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்ளாமல், தோளுக்குப் பின்னாலும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். இருசக்கர வாகனமும் மிதிவண்டியும் மறைந்திருக்கும் இடம் அதுதான். வலப்பக்கம் செல்லும் மிதிவண்டிக்காரர்கூட வெளித் தடத்திலேயே சுற்றி வரலாம் என்பதால், அவர் வெளியேறிவிடுவார் என்று நாமாக முடிவு செய்யக்கூடாது. நீளமான லாரியின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் பாதையை விட உள்வாங்கி வரும். அதற்கு இணையாக நுழையாமல் பின்தங்கி நிற்பதே பாதுகாப்பானது. இடமில்லை என்றால் வெளியேற முயலாமல் இன்னொரு சுற்று வாருங்கள்.