ஹெர்2 ‘2+’ என்று வந்திருக்கிறது, ஃபிஷ் டெஸ்ட் எடுத்தே ஆகவேண்டுமா?

மேலூர்க்காரன்:
அம்மாவுக்கு 61 வயது. இடது மார்பில் கட்டி, புற்றுநோய்தான் என்று நேற்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகள் பாசிட்டிவ், செல்லின் மேல் இருக்கும் ஹெர்2 என்ற புரதம் 2+. டாக்டர் ஃபிஷ் டெஸ்ட் எடுத்து வரச் சொன்னார். “எனக்குத்தான் மீனே ஆகாதேடா” என்கிறார் அம்மா. மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபடி எழுதுகிறேன். 2+ என்றால் இருக்கிறதா, இல்லையா? மாதவிலக்கு நின்று 12 வருஷம் ஆச்சு, இன்னும் ஹார்மோன் எங்கிருந்து வருகிறது?

லேப் அக்கா:
தம்பி, 2+ என்பது ரெண்டுங்கெட்டான். 3+ ஆக இருந்தால் கட்டியின் செல்களைச் சுற்றிப் பழுப்பு மையால் அழுத்திக் கோடு போட்ட மாதிரி தெரியும். 2+ல் அந்தக் கோடு மங்கல். கண்ணை நம்பிச் சொல்ல முடியாது. அதனால்தான் ஃபிஷ், ஜீனையே ஒளிரும் சாயம் போட்டு எண்ணும் டெஸ்ட். இருட்டறையில் உட்கார்ந்து, குறைந்தது 20 செல்லில் புள்ளி எண்ணுவோம். ஹெர்2 ஜீன் சிவப்பு, அது இருக்கும் 17ஆம் குரோமோசோம் பச்சை. வழக்கமாக ரெண்டுக்கு ரெண்டு இருக்கும். ஜீன் பெருகிய கட்டியில் சிவப்பு அரளி கொட்டிக் கிடப்பது போல இருக்கும், எண்ணி மாளாது.

ஜீன் பெருகினால் செல்லின் மேல் ஹெர்2 ஏற்பியும் பெருகும். அவை தமக்குள் ஜோடி சேர்ந்து, வெளியிலிருந்து யாரும் ஏவாமலே உள்ளே சேதி அனுப்பும். பிஐ3கே, ஏகேடி, எம்டார் என்று செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் ஒன்று அடுத்ததைத் தட்டி எழுப்ப, செல் பிரிந்துகொண்டே போகும். டிராஸ்டுசுமாப் ஊசி அந்த ஏற்பியைப் பிடித்துக்கொண்டு சேதியை மறிக்கும். ஃபிஷ் நெகட்டிவ் என்றால் அந்த ஊசிச் செலவும், அதற்காக அடிக்கடி இதயத்துக்கு எக்கோ எடுப்பதும் மிச்சம். ஃபிஷ்ஷுக்குக் காசு பார்க்காதே.

மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. பயாப்ஸி பார்த்த இடத்தில், எடுத்த துணுக்கைப் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்கைக் கேட்டு வாங்கு. வண்டி டேங்க் கவரில் போட்டு வெயிலில் நிறுத்திவிடாதே, அது மெழுகு.

திருமங்கலத்தம்மா:
ஹார்மோன் விஷயம் நான் சொல்கிறேன், 4 வருஷமாக லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறேன். சினைப்பை ஓய்ந்தாலும் உடம்புக் கொழுப்பில் அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜன் செய்துகொண்டுதான் இருக்கும். அது செல்லுக்குள் போய் ஈஆரில் ஒட்டினால் கட்டிக்குத் தீனி. மாத்திரை அந்த நொதியை மறிக்கிறது. ஆனால் மூட்டுவலி உண்டு, முதல் வருஷம் கோலப்பொடியைக்கூடக் கிள்ள முடியவில்லை. அம்மா சொன்னால் சாக்கு என்று நினைக்காதே, டாக்டரிடம் சொல்.

மேலூர்க்காரன்:
பிளாக்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் அக்கா, நாளை மதியம் தருகிறார்கள். வாங்கி வர அம்மா சில்வர் டிபன் டப்பா கழுவி வைத்திருக்கிறார். “மீன் டப்பா” என்று பெயரும் வைத்தாயிற்று.