ஃப்ளூ ஊசிக்கு வார்டு ஆட்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?

எல்லாருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் தொற்றுத்தடுப்பு நர்ஸாக இருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் நம் பக்கம் ஃப்ளூ ஏறும். ஊசி பலன் தர 2 வாரம் பிடிக்கும். அதனால் செப்டம்பருக்குள் ஊழியர்கள் எல்லாருக்கும் போட்டுவிட நினைக்கிறேன்.

மருந்து வந்து ஃபிரிட்ஜில் 2–8 டிகிரியில் இருக்கிறது. ஆட்கள்தான் வருவதில்லை. "போன வருஷம் போட்ட மறுநாளே காய்ச்சல் வந்துச்சு சிஸ்டர்" என்றார் டயாலிசிஸ் யூனிட்டில் ஒரு அக்கா. இது செயலிழக்கச் செய்த கிருமி, இதனால் ஃப்ளூ வராது, ஓரிரு நாள் கைவலியும் லேசான காய்ச்சலும் இருக்கலாம் என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார். டாக்டர்களிலும் சிலர், "எனக்கு ஃப்ளூவே வந்ததில்லை" என்கிறார்கள். அறிகுறி இல்லாமலே நோயாளிக்குப் பரப்பிவிடலாமே! கீமோ எடுப்பவருக்கும் கர்ப்பிணிக்கும் அது நிமோனியா வரை போகலாம்.

நைட் டியூட்டி ஆட்களுக்கு வார்டுக்கே வாக்சின் கேரியரை (தடுப்பு மருந்தைக் குளிர்ச்சியாக வைக்கும் கைப்பெட்டி) எடுத்துப்போய்ப் போட்டவர்கள் இருக்கிறீர்களா? அலர்ஜி வந்தால் சமாளிக்க என்ன ஏற்பாடு வைத்திருந்தீர்கள்? முக்கியமாக, காண்ட்ராக்ட் துப்புரவுப் பணியாளர்களுக்கான செலவை யார் ஏற்றார்கள்? நாள் முழுக்க நோயாளி பக்கத்திலேயே வேலை செய்பவர்கள், பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. நிர்வாகத்திடம் எப்படிப் பேசி வாங்கினீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். வேண்டாம் என்பவர்களிடம் கையெழுத்து வாங்கும் படிவம் தமிழில் இருந்தால் அதையும் இங்கேயே போடுங்கள்.