குக்கர் மூடி பறந்து அம்மாவின் கை வெந்துவிட்டது. யாரிடம் நட்டஈடு கேட்பது?

கொக்குவில் மகள்:
சென்ற ஆடி வெள்ளிக்கு அம்மா கடலை அவித்துக்கொண்டிருந்தார். விசில் வரவேயில்லை. அடுப்பை அணைக்கக் கை நீட்டிய கணத்தில் மூடி பறந்து குசினிக் கூரை ஓட்டை உடைத்தது. வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. மூடியின் பூட்டுக் காது ஒன்று முறிந்திருக்கிறது. முறிந்த இடம் அப்பத்தின் நடுப்பகுதி போலத் துளை துளையாகத் தெரிகிறது. கடைக்காரரோ, "மூன்று மாதம் கடந்துவிட்டது, பற்றுச்சீட்டும் உங்கள் பெயரில் இல்லை" என்கிறார். சித்திரை வருடப் பிறப்புக்கு அத்தான் வாங்கித் தந்த குக்கர் அது.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
பிள்ளை, அந்த மூன்று மாதம் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறைப்பாடு கொடுப்பதற்கான காலம். அது போனது போனதுதான். காயத்துக்கான வழக்கு வேறு. அதற்கு இரண்டு வருடம் இருக்கிறது. குக்கரின் விலையைக் கேட்பதென்றால் வாங்கிய அத்தான்தான் கேட்க வேண்டும். வெந்த கைக்குப் பற்றுச்சீட்டு எதற்கு? 1928 இல் ஸ்கொட்லாந்தில் ஒரு பெண் குடித்த இஞ்சிச் சோடாவில் நத்தை கிடந்ததாம். காசு கொடுத்தது அவருடைய தோழி. அப்படியிருந்தும் தயாரித்தவருக்குப் பொறுப்புண்டு என்று 1932 இல், அப்போது பிரித்தானியாவின் அதியுயர் நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆனால் இங்கே இலங்கையில் ஒல்லாந்தர் வழிவந்த உரோமன் டச்சுச் சட்டம். பொருள் பழுது என்றால் மட்டும் போதாது, கவனயீனத்தையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். இறக்குமதியாளர் யாரென்று பெட்டியில் பாருங்கள். சட்டத்தரணிக்கு வசதியில்லையென்றால் யாழ்ப்பாணத்திலேயே சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது.

சுன்னாகம் திருத்துநர்:
விசில் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடலைத் தோல் நீராவித் துவாரத்தை அடைத்துவிட்டது, பிழை உங்களுடையது என்றுதான் மறுதரப்பு சொல்லும். அதற்காகத்தானே மூடியில் பாதுகாப்பு வால்வு வைக்கிறார்கள்? துவாரம் அடைபட்டால் அது திறந்துகொள்ள வேண்டும். திறந்ததா என்று பாருங்கள். மூடியைக் கழுவ வேண்டாம். புதியது தருகிறோம் என்று கேட்டாலும் கடைக்குக் கொடுத்துவிட வேண்டாம். அப்படிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கொக்குவில் மகள்:
பார்த்தேன், ஐயா. துவாரத்தில் தோல் இருக்கிறது, உண்மைதான். வால்வு புதியது போல அப்படியே இருக்கிறது, திறந்த அடையாளமே இல்லை. அடிச்சட்டியை அம்மா இடது கையாலேயே தேய்த்துக் கவிழ்த்துவிட்டார். மூடியை அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.