விபுலாநந்த அடிகளின் கையெழுத்துக் கடிதமாம், வாங்கலாமா?

கல்லடிப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். நம்ம பக்கத்துச் சாமிமார், பாதிரிமார் கையால் எழுதின கடிதங்களைச் சேர்க்கிற பைத்தியம் எனக்கு. இப்போது ஒருவர் விபுலாநந்த அடிகளின் கடிதம் என்று ஒன்றைக் காட்டி நாற்பதாயிரம் கேட்கிறார். மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திலிருந்து 1923 ஆவணியில் எழுதினது. கீழே 'சுவாமி விபுலாநந்த' என்று ஒப்பம். உறை இல்லை. கடதாசி நன்றாகப் பழுத்திருக்கிறது, கிழிசலுக்கு செலோரேப் ஒட்டியிருக்கிறார்கள். வாங்கலாமா?

காரைதீவான்:
தம்பி, காசைக் கொடுத்துவிடாதீங்க. அடிகள் எங்கள் ஊர்ப் பிள்ளை, 1892இல் மயில்வாகனமாகப் பிறந்தவர். 1922இல் மயிலாப்பூர் மடத்தில் சேர்ந்ததும் கிடைத்தது பிரபோத சைதன்யர் என்ற பிரமச்சரியப் பெயர். சுவாமி சிவானந்தர் துறவு கொடுத்து விபுலாநந்தர் ஆனது 1924இல். அப்படியிருக்க 1923இல் அந்தப் பெயரில் எப்படி ஒப்பம் வைப்பார்?

கடதாசியின் பழுப்பை நம்பவே வேண்டாம். தேயிலைச் சாயத்தில் தோய்த்தால் ஒரு பின்னேரத்தில் பழுத்துவிடும். நான் முதலில் பார்ப்பது ஆண்டும் இடமும் பொருந்துகிறதா என்று. 1931இலிருந்து 33 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1940இல் இமயமலையில் மாயாவதி, 'பிரபுத்த பாரத' என்ற இதழுக்கு ஆசிரியர் வேலை. 1943இலிருந்து இலங்கைப் பல்கலைக்கழகம். 1947 யூலையில் சமாதி. குமிழ்முனைப் பேனாவால் எழுதியிருந்தால் அப்போதே எழும்பி வந்துவிடலாம்.

அடுத்தது பூதக்கண்ணாடி. எழுத்தின் ஓரம் குட்டிக் குட்டிப் புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சுப் பிரதி. மைப்பேனா எழுத்து கடதாசி நாருக்குள் ஊறியிருக்கும், அழுத்தின இடத்தில் கறுப்புக் கூடும். எல்லாவற்றையும் விட, யாருக்கு எழுதின கடிதம், அந்த வீட்டிலிருந்து இவர் கைக்கு எப்படி வந்தது என்று கேளுங்க. உறையும் இல்லாமல், அதற்குப் பதிலும் இல்லாமல் நாற்பதாயிரமா? நான் நாலாயிரமும் கொடுக்க மாட்டேன்.

ஆரையம்பதி ரீச்சர்:
காரைதீவான் அண்ணன் சொன்னது சரி. ஆனால் விலைக்கு வாங்கிப் பெட்டிக்குள் பூட்டுகிறதில் எனக்கு உடன்பாடில்லை. 78 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் இந்தக் கரையில் எத்தனை வீட்டுப் பெட்டிகள் போய்விட்டன! மிஞ்சியதை ஸ்கான் பண்ணி, பழைய ஆவணங்களை இணையத்தில் போடுகிற நூலகம் நிறுவனம் போன்ற இடத்துக்கு ஒரு பிரதி கொடுத்தால் எல்லாரும் படிக்கலாம், மூலம் உங்களிடமே இருக்கட்டும்.

இன்னொன்று, எதையும் லெமினேற் பண்ணாதீங்க. சூட்டில் ஒட்டினதைப் பிறகு பிரிக்கவே முடியாது. ஒட்டின ரேப்பையும் இழுக்க வேண்டாம், எழுத்தோடு வந்துவிடும். நம்ம வாவிக்கரை ஈரத்துக்கு, அமிலம் இல்லாத கடதாசி உறையில் போட்டு, நிலத்திலும் சுவரிலும் முட்டாமல் உயரத்தில் வைத்தால் போதும்.

கல்லடிப் பொடியன்:
நன்றி. யாருக்கு எழுதினது என்று கேட்டேன், "ஒரு யாழ்ப்பாணத்து ஆளுக்கு" என்றதோடு கதையை மாற்றிவிட்டார். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரீச்சர், அம்மப்பாவின் றங்குப்பெட்டியில் அமெரிக்கச் சேசு சபைப் பாதிரியார் ஒருவர் அவருக்கு எழுதின அட்டைகள் இருக்கின்றன. அதை யாரும் போலி என்று சொல்ல முடியாது. ஆனால் மை கபில நிறமாகி, எழுத்து இருக்கிற இடமெல்லாம் கடதாசி வெடிக்கிறது. ஸ்கானருக்குள் வைத்து அமத்தலாமா?

ஆரையம்பதி ரீச்சர்:
அமத்தவே கூடாது! அது இரும்பு கலந்த பழைய மை, கடதாசியைத் தின்னும். மேசையில் விரித்து, யன்னல் வெளிச்சத்தில் மேலேயிருந்து படம் எடுங்க. வெயில் நேரே படக்கூடாது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எடுங்க, முத்திரையை விடாதீங்க.