ஆரியங்காவில் நிறுத்தப்படும் பால் லாரி: மாநில அரசின் அதிகாரம் எதுவரை?

செங்கோட்டை பால் முகவர்:
2023 ஜனவரியில் தமிழ்நாடு எல்லையை ஒட்டிய கேரளத்தின் ஆரியங்காவு சோதனைச்சாவடியில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற 15,300 லிட்டர் பாலைக் கேரள பால்வளத் துறையினர் நிறுத்தினார்கள். பால் கெடாமலிருக்கச் சிலர் கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற ரசாயனம் அதில் இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு உணவுப் பாதுகாப்புத் துறை தன் ஆய்வகத்தில் சோதித்தபோது அது தென்படவில்லை. ஒரே அரசின் இரண்டு துறைகள் இரண்டு முடிவுகளைச் சொல்ல, பால் லாரியிலேயே கிடந்தது. உணவுத் தரத்தை வகுப்பது மத்திய ஆணையம்தான் என்று 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் சொல்லும்போது, எல்லையில் ஒரு மாநிலம் இப்படி வழிமறிப்பது எந்த வகையில் நியாயம்?

புனலூர்வாசி:
தரத்தை வகுப்பது டெல்லி. அதைக் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்ப்பது மாநிலம். சட்டமே அப்படித்தான் பிரித்திருக்கிறது. கேரளத்தில் இருந்தாலும் நாங்களும் தமிழர்கள்தாம், எங்கள் வீட்டுக் குழந்தைகளும் அந்தப் பாலைத்தான் குடிக்கிறார்கள். 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி இறந்துபோனதை மறக்க முடியவில்லை. மறு ஆண்டே, ஷவர்மாவுடன் தரும் பச்சை முட்டை மயோனைஸைக் கேரளம் தடை செய்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் அதே தடையை ஓராண்டுக்குக் கொண்டுவந்தது. அப்போது யாரும் மாநிலத்துக்கு ஏது அதிகாரம் என்று கேட்கவில்லையே, அண்ணாச்சி?

செங்கோட்டை பால் முகவர்:
மயோனைஸ் தடை எல்லாக் கடைக்கும் பொதுவானது, முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. பால் அப்படியில்லை. சோதனைக் குழாயில் பாலை எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, பெராக்சைடைக் காட்டும் நீலம் ஏறுகிறதா என்று பார்ப்பது சில நிமிட வேலை. அதன் பிறகு ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் எங்களுக்கு நட்டம். குளிரூட்டிய பால் என்றாலும் எத்தனை நாள் தாங்கும்? சுத்தமான பாலாக இருந்தாலும் தீர்ப்பு வருவதற்குள் புளித்துவிடும்.

தென்காசி வழக்கறிஞர்:
இருவருக்கும் அந்த 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் சில பிரிவுகளை நினைவூட்டுகிறேன். பிரிவு 30இன்படி, பொதுச் சுகாதார நலன் கருதி ஓர் உணவுப் பொருளை மாநிலம் முழுவதுமோ ஒரு பகுதியிலோ ஓராண்டு வரை தடை செய்ய மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஒரு லாரியைப் பிடிப்பது அந்தத் தடையில் சேராது. மாதிரி எடுப்பதும் கைப்பற்றுவதும் உணவுப் பாதுகாப்பு அலுவலரின் வேலை, பிரிவு 38. மாதிரியை நான்கு பாகமாகப் பிரிக்க வேண்டும். வியாபாரி கேட்டால் ஒரு பாகம் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் போகும். பகுப்பாய்வாளர் 14 நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்கிறது சட்டம். அடைத்து வைத்த மிளகாய்த்தூளுக்கு 14 நாள் போதும்; பாலுக்கு அது பொருந்தாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். போதிய காரணமின்றிப் பொருளைக் கைப்பற்றும் அலுவலருக்கு அபராதம் விதிக்கவும் பிரிவு 39 இடம் தருகிறது. இதை வியாபாரிகள் பயன்படுத்துவதே இல்லை.

புனலூர்வாசி:
அபராதப் பயத்தில் அலுவலர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் யாருக்கு இலாபம்? பெராக்சைடு நேரம் ஆக ஆகத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். ஆகவே ஆய்வகத்தில் அது தெரியவில்லை என்பதால் லாரியில் இல்லவே இல்லை என்று ஆகிவிடாது. சோதனை தாமதமானதால்தான் அளவு குறைந்தது என்று கேரளப் பால்வளத் துறை அமைச்சரே அப்போது குற்றம் சாட்டினார். சோதித்துக் கண்டறிந்த துறைக்குக் கைப்பற்றும் அதிகாரம் இல்லை, அதிகாரமுள்ள துறை அங்கே இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது. மாநிலத்தின் அதிகாரத்தைக் குறைப்பதால் அது தீராது.

செங்கோட்டை பால் முகவர்:
அதைத்தான் நானும் கேட்கிறேன், ஆனால் வேறு முடிவுக்கு வருகிறேன். பிடிக்கும் அதிகாரம் வேண்டுமென்றால், பிடித்த இடத்திலேயே உணவுப் பாதுகாப்பு அலுவலரும் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகமும் இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கட்டும். லாரி ஓட்டுநர் முன்னிலையில் மாதிரி எடுத்து, எங்கள் பாகத்தை எங்கள் கையில் கொடுத்து, அன்றைக்கே எழுத்தில் முடிவு தரட்டும். கலப்படம் உறுதியானால் அந்தப் பாலைக் கொட்டுங்கள், உரிமத்தை நிறுத்துங்கள். சங்கத்தில் ஒருவரும் குறுக்கே வர மாட்டோம். அது இல்லாமல் சாவடிக் கம்பியை மட்டும் இறக்கினால், கலப்படம் செய்தவனும் நேர்மையாகக் கறந்து அனுப்பியவனும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.